போஹோ மண்ணும் ஆகாத கிழமையும்

அயர்லாந்து நாட்டு வைத்தியம் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் போஹோ மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறார். வட அயர்லாந்தில் ஃபெர்மனா பக்கம் இருக்கிற ஊர் அது. 1815இல் இறந்த ஜேம்ஸ் மெக்கிர் என்ற பாதிரியார், "நான் இருந்தபோது குணப்படுத்தியதையெல்லாம் என்னை மூடுகிற மண்ணும் குணப்படுத்தும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த மண்ணைத் துளி எடுத்துத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும், அப்புறம் மறக்காமல் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். 2018இல் ஸ்வான்சீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் ஒரு புதிய ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாவைக் கண்டார்கள். மருந்துக்கு மசியாத சில கிருமிகளை அது தடுக்கிறது. உடனே, "பெரியவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா!"

என்ன தெரிந்திருந்தது? பாக்டீரியா வேலை செய்தது ஆய்வகத் தட்டில். முடிச்சுக்குள் கிடக்கிற மண் பல்வலியைத் தீர்க்கும் என்று யாரும் காட்டவில்லை.

சரி, பெரியவர்கள் சொன்ன மிச்சத்தையும் பாருங்கள். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் சுமார் 50,000 பேர் வீட்டுக் கிழவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டுகள் டப்ளினில் இருக்கின்றன. மருவில் நத்தையைத் தேய்த்து முள்ளில் குத்திவிடு, அது காயக் காய மருவும் உதிரும். (மரு பெரும்பாலும் தானாகவே உதிரும், பேர் மட்டும் நத்தைக்கு.) கக்குவான் இருமல் வந்த குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை நுழைத்து எடு. அல்லது வெள்ளைக் குதிரையில் வருகிறவரை நிறுத்தி என்ன செய்யலாம் என்று கேள், அவர் வாயில் வருவதுதான் மருந்து!

நாள் கணக்கு இதைவிடக் கூத்து. சனிக்கிழமை வீடு மாறினால் அந்த வீட்டில் நிலைக்க மாட்டீர்கள். திங்கட்கிழமை புதைகுழி வெட்டத் தொடங்கக் கூடாது. டிசம்பர் 28 எந்தக் கிழமையில் வந்ததோ அந்தக் கிழமை வருஷம் பூராவும் புது வேலைக்கு ஆகாது, அதிலேயே 52 நாள் காலி. மே 1 அன்று நெருப்போ பாலோ வெளியே கொடுத்தால் வெண்ணெய் வளமும் கூடவே போய்விடும் என்ற பயம் மட்டும் எனக்குப் புரிகிறது, வெண்ணெய் விற்ற காசில் குடும்பம் ஓடிய காலம்.

ஆனாலும் எடுத்தெறிந்து பேச மனம் வரவில்லை. அக்கி, படர்தாமரை, தீப்புண்ணுக்குக் கைராசிக்காரர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள், ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன் என்றால் தனி மவுசு. காசு கேட்கக் கூடாது என்பதுதான் வழக்கம், பல இடங்களில் நன்றிகூடச் சொல்லக் கூடாது. கன்சல்டிங் பீஸ் வாங்காத அந்த மனுஷரைத் திட்ட எனக்கு வாய் வராது. போங்கள், தப்பில்லை. ஆனால் அக்கிக்கான வைரஸ் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டுப் போங்கள், அதற்குக் கிழமை பார்க்காதீர்கள்.