ஆட்டைக் கொன்ற நாய்க்கு யார் பொறுப்பு?

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போதெல்லாம் விடிகிறது என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. இரவில் பட்டியில் அடைத்த செம்மறிகள் காலையில் கழுத்தும் அடிவயிறும் கிழிந்து கிடக்கின்றன. பசிக்காகக் கொன்றிருந்தால் ஓர் ஆட்டோடு போயிருக்கும்; கூட்டமாக வரும் தெருநாய்கள் தின்பதைவிடக் கடித்துப் போடுவதுதான் அதிகம். மிரண்டோடி ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மூச்சுத் திணறிச் சாகும் குட்டிகளையும், உயிர் பிழைத்தும் சினை கலைந்துபோகும் ஆடுகளையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்த நாட்டில் நாய் பற்றிச் சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2023இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளின்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். பிடித்த இடம் என்றால் எங்கள் ஊரில் அது ஆட்டுப்பட்டிக்கு அடுத்த வரப்பு. ஆத்திரத்தில் விவசாயி அந்த நாயை அடித்துக் கொன்றுவிட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு ஐந்தாண்டுச் சிறை வரை போகக்கூடியது. நாயை வளர்ப்பவரின் அலட்சியத்தைக் கேட்கும் 291ஆம் பிரிவோ மனிதருக்கு நேரும் ஆபத்தைத்தான் பேசுகிறது. அதிலும் அபராதம் 5,000 ரூபாயைத் தாண்டாது. நாயைக் கொன்றவன் பதில் சொல்ல வேண்டும், மனிதரைக் கடிக்க விட்டவன் ஓரளவு பதில் சொல்ல வேண்டும், ஆடு செத்தால் மட்டும் ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றால் இது என்ன நியாயம்?

பிரிட்டனில் 1953ஆம் ஆண்டிலிருந்தே இதற்கெனத் தனிச்சட்டம் இருக்கிறது. விவசாய நிலத்தில் ஒரு நாய் ஆட்டைத் துரத்தினாலே அதன் உரிமையாளர் மீது குற்றம். ஸ்காட்லாந்தில் 2021இல் திருத்திய சட்டத்தில் அபராதம் 40,000 பவுண்டு வரை போகிறது. அங்கே நாய்க்கு உரிமையாளர் இருக்கிறார், இங்கே இல்லை என்று உடனே சிலர் சொல்வார்கள். ஏன் இல்லை? தெருநாய்களைக் கட்டுப்படுத்தும் கடமையை விதிகளே உள்ளாட்சி அமைப்பின் தலையில் வைத்திருக்கும்போது, அந்தக் கடமையைச் செய்யாததால் வரும் நட்டத்துக்கும் அதே அமைப்புதானே பொறுப்பேற்க வேண்டும்?

செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்த பிறகுதான் அரசு நிவாரணத்தைப் பற்றியே பேசியது. முதலில் ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்றார்கள், பிறகு 6,000 என்றார்கள். கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்குப் போய் நல்ல சினை ஆட்டை 6,000 ரூபாய்க்குக் கேட்டுப் பாருங்கள், தரகர் முகத்துக்கு நேரே சிரிப்பார். அந்தத் தொகைக்கும் கால்நடை மருத்துவரின் உடற்கூறு அறிக்கை, கிராம நிர்வாக அலுவலரின் சான்று என்று அலைய வேண்டும். (ஆட்டைப் பறிகொடுத்தவன் அன்று மீதி ஆடுகளை யாரிடம் விட்டுவிட்டு அலைவான் என்று எந்த மேசையிலும் ஒருவர்கூடக் கேட்பதில்லை.) மேலும் அது மனமிரங்கித் தருகிற நிவாரணமே தவிர, சட்டப்படி நாங்கள் கேட்டு வாங்கும் இழப்பீடு அல்ல.

இதற்கிடையில் கோழிக்கடைக் கழிவுகளைச் சாக்கில் கட்டி ஓடைப் பாலத்தின் கீழே கொட்டுகிறவர்களை யாரும் பிடிப்பதில்லை. இறைச்சி தின்று பழகிக் கூட்டம் சேரும் நாய்கள், கழிவு வராத நாளில் பட்டியைத் தேடி வருவதில் என்ன வியப்பு? நான் நாய்களை வெறுக்கிறவன் அல்லன். எங்கள் தோட்டத்திலும் காவல்நாய் உண்டு, கூட்டமாக வரும் பத்து நாய்களின் முன்னால் அதுவும் தோற்றுத்தான் போகிறது. ஆகவே, வேலியை உயர்த்துங்கள், இரவில் கண்விழித்துக் காவல் இருங்கள் என்று நகரத்திலிருந்து அறிவுரை சொல்பவர்கள், அந்த வேலிக்கு ஆகும் செலவை எந்த அலுவலகத்தில் கேட்டு வாங்குவது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.