மெக்சிகோவில் தற்காப்பு உரிமை: ஒரு திருத்தம்

"மெக்சிகோவில் வெளிநாட்டுக்காரன் திருடனைத் திருப்பி அடித்தாலே ஜெயில்தான், தற்காப்பு என்று சட்டமே கிடையாது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

கூட்டாட்சி தண்டனைச் சட்டத்தின் 15-வது பிரிவே தற்காப்பை ஏற்கிறது. அதில் குடியுரிமை பார்ப்பதில்லை. தாக்குதல் உண்மையானதாக, அந்த நேரத்தில் நடப்பதாகவோ நடக்கவிருப்பதாகவோ இருக்க வேண்டும். வம்பை நீங்கள் தொடங்கியிருக்கக் கூடாது. எதிர்ப்பும் அளவோடு இருக்க வேண்டும். இரவில் வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுப்பதும், பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனைத் துரத்திப் பிடித்து உதைப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. இரண்டாவதில் மாட்டப்போவது நீங்கள்தான். இதுபோக, மாநிலத்துக்கு மாநிலம் தனித் தண்டனைச் சட்டம் உண்டு.

ஒருவர் இறந்தாலோ படுகாயமடைந்தாலோ, விசாரணை முடியும்வரை காவலில் வைக்க வாய்ப்புண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். பிடித்தால் முதலில் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேளுங்கள். தூதரக உறவுகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட வியன்னா ஒப்பந்தம் தரும் உரிமை அது.

துப்பாக்கி விஷயம்தான் உண்மையான ஆபத்து. அனுமதியில்லாமல் அமெரிக்க எல்லையைத் தாண்டிக் கொண்டுபோனால், காரில் மறந்துபோன தோட்டாகூட வழக்காகிவிடும். கத்தியைக் காட்டிப் பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிட்டு, அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிடுங்கள்.