விலக்கிலிருந்து மூன்றரை கிலோமீட்டர்

சென்ற வாரம் அம்மா பிறந்த ஊருக்குப் போயிருந்தேன். நெடுஞ்சாலையில் விலக்கில் இறங்கினால் ஊருக்குள் போக மூன்றரை கிலோமீட்டர். தார்ச்சாலை நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஓடத்தான் பேருந்து இல்லை. என்னோடு இறங்கிய மூதாட்டி ஒருவர், அரசு மருத்துவமனையில் வாங்கிய சர்க்கரை மாத்திரைகளை மஞ்சள் பையில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி, சூட்டுக்குப் பயந்து சாலையோரப் புல்லாகப் பார்த்துக் கால் வைத்து நடந்தார். "ஆட்டோ வராதா அப்பத்தா?" என்று கேட்டேன். "ஒத்தாளுக்கு வர மாட்டேங்கிறாங்கப்பா" என்றார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில், பேருந்து இல்லாத ஊர்களுக்கு அந்த வசதி எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்பதை 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10 வரை, 10-க்கு மேல் என மூன்றாகப் பிரித்துக் குறிப்பார்கள். அந்தக் கணக்குப்படி அப்பத்தாவின் ஊர் வசதிக்கு மிக அருகில் இருக்கிற முதல் வகையில் சேர்ந்துவிடும்.

சாலை போடுவதற்குத் தலைக்கணக்கு பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேரும், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வாழும் குடியிருப்புகளை இலக்காகக் கொண்டது. பணத்துக்கு ஓர் அளவு இருக்கும்போது எங்கிருந்தாவது தொடங்கித்தானே ஆக வேண்டும். ஆனால் 2024-இல் ஒப்புதல் பெற்ற அதன் நான்காம் கட்டமும் 2011 கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை ஊர்கள் சுருங்கின, எத்தனை ஊர்கள் பெருத்தன என்பது 2027 கணக்கெடுப்பு முடிந்தால்தான் தெரியவரும்.

என் ஆதங்கம் சாலைக்குப் பின்னால் வரவேண்டிய பேருந்தைப் பற்றியது. நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் ஊருக்கு மினி பஸ் நான்கு நடை வந்து போனது. முதலில் நின்றது மாலை நடைதான். டவுனில் மேல்நிலை வகுப்பு படித்த பெண் பிள்ளைகள் இருட்டில் விலக்கிலிருந்து நடந்து வர வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக டவுனில் வாடகைக்குக் குடிபோனார்கள். அதன் பிறகுதான் காலை நடையிலும் கூட்டம் குறைந்தது, வசூல் கட்டுபடியாகவில்லை என்று மொத்தமாக நிறுத்தினார்கள். இன்று மனு கொடுக்கப் போனால், ஊரில் ஆள் இல்லையே என்கிறார்கள். இந்த வரிசையைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆள் குறைந்து பேருந்து போகவில்லை. பேருந்து போய்த்தான் ஆள் குறைந்தது.

2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகிறார்கள். கூலி வேலைக்குப் போகிற பெண்களின் கையில் அதனால் மிஞ்சும் பணம் எத்தனை பெரியது என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் பேருந்து வராத ஊர்ப் பெண்களுக்கும் மிஞ்ச வேண்டும். 1997-இல் வந்த மினி பஸ் திட்டத்தை விரிவாக்கி 2025 ஜூனில் புதிதாகத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. ஆனால் தனியார் வண்டி வசூலை நம்பித்தான் ஓடும். எங்கள் ஊர் போன்ற வழித்தடங்களில் விழும் துண்டை அரசு ஏற்காவிட்டால் இரண்டே வருடத்தில் மறுபடி மாலை நடையில்தான் கை வைப்பார்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர ஊர்க்காரர்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். காலை எட்டு மணிக்கு ஒரு நடை, மாலை ஐந்தரைக்கு ஒரு நடை, இவ்வளவுதான் கேட்கப்போகிறோம். குடும்ப அட்டை எண்ணிக்கையோடு, வாரத்தில் யார் யார் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் நடந்தே போகிறார்கள் என்று வீடு வீடாக எழுதிய பட்டியலையும் இணைக்கிறோம். அப்பத்தாவின் பெயரை நானே எழுதிக்கொண்டேன். மாதம் இரண்டு தடவை, போக வர ஏழு கிலோமீட்டர்.