28 பேரின் காலில் கிடந்த சங்கிலி

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தை முதல்முறை படித்தபோது 20ஆம் பிரிவைத் தாண்டிப் போகவே முடியவில்லை. சிகிச்சைக்கு வந்தவருக்குக் கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, அவர் விரும்பினால் சொந்தத் துணியை உடுத்தலாம், வேலை செய்தால் கூலி தர வேண்டும். இதையெல்லாமா நாடாளுமன்றத்தில் எழுதி வைப்பார்கள் என்று தோன்றும். இது ஒவ்வொன்றும் மறுக்கப்பட்டு வந்ததால்தான் எழுத வேண்டியிருந்தது.

என் சித்தப்பாவுக்கும் மொட்டை அடித்தார்கள். பேன் வந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே இருந்தார். காதில் கேட்ட குரல்களைப் பற்றி எங்களிடம் பேசியிருக்கிறார். அந்த மொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச வந்தால் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. அங்குள்ள தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். எழுந்து ஓட முடிந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். ஒரு வாரத்தில் அங்கிருந்த அதுபோன்ற விடுதிகளை எல்லாம் மூடி, 500க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது.

அப்போது பலர் தர்காவைத் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏர்வாடிக்கும் திருச்சிப் பக்கத்துக் குணசீலம் கோயிலுக்கும் குடும்பங்கள் போனது, வேறு எங்கும் முகம் கொடுத்துப் பேசாதபோது அங்கே போய் உட்கார இடம் இருந்ததால். அந்த நம்பிக்கையை வைத்துக் காசு பார்த்த விடுதிகளைத்தான் கேட்க வேண்டும். அவற்றைக் கண்டுகொள்ளாத நிர்வாகத்தையும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. வெள்ளைக்காரன் 1912இல் கொண்டுவந்த பைத்தியக்காரர் சட்டம்தான் நம்மை 1993 வரை ஆண்டது. நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவதுதான் அதன் கவலை. அதற்கு மாற்றாக 1987இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வரவே ஆறு வருடம் ஆனது. மனநோயாளியை இழிவாகவோ கொடுமையாகவோ நடத்தக் கூடாது என்று அதிலேயே இருந்தது. அது அமலுக்கு வந்து எட்டு வருடம் கழித்துத்தான் ஏர்வாடியில் 28 பேர் சங்கிலியோடு எரிந்தார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஏற்பத்தான் 2017 சட்டம் எழுதப்பட்டது. எந்த வகையிலும் சங்கிலி கூடாது என்று 95ஆம் பிரிவு சொல்கிறது. நாளை மறுபடி முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளியே நல்ல நிலையில் இருக்கும்போது எழுதி வைக்கலாம். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "என்னையவா கேப்பாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சரி, எழுதி வைத்தாயிற்று. மாத்திரை? எங்கள் ஊரிலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். எங்கள் தெருவில் ஒரு அம்மா, மகனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நூறு நாள் வேலைக்குப் போகிறார். அவரைக் கொடுமைக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அரசுச் செலவில் சிகிச்சை பெறும் உரிமை, எட்டும் தூரத்தில் பெறும் உரிமை இரண்டும் இதே சட்டத்தின் 18ஆம் பிரிவில் இருக்கின்றன. பகலில் அந்தப் பையன் போய் இருக்க ஓர் இடமும், மாதாமாதம் மாத்திரையும் எங்கள் ஊருக்கே வர வேண்டும். அந்த அம்மா கையிலிருக்கும் பூட்டை அப்போதுதான் வாங்கி வைக்க முடியும்.