வழுக்கும் வாணலி

இன்டக்‌ஷன் அடுப்பில் உப்புமா கிளறுவது தினமும் என் பொறுமையைச் சோதிக்கிறது. கேஸ் அடுப்பென்றால் இரும்புக் கால்கள் பாத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கும். இங்கே வழவழவென்று கண்ணாடித் தளம். ரவை இறுகத் தொடங்கியதும் கரண்டி போகும் பக்கமெல்லாம் வாணலியும் போகிறது. நடுவிலிருந்து அதிகம் விலகினால் ‘பீப்’ என்று கத்திவிட்டு அடுப்பே நின்றுவிடுகிறது.

காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். அது தட்டையாகவும் இருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை! சூட்டில் அடி லேசாகப் புடைத்ததும் வாணலி பம்பரமாகச் சுற்றுகிறது. அடியில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம்.

நேற்று கொதிக்கும் பால் பாத்திரம் நழுவி மேடையின் விளிம்புவரை வந்துவிட்டது. பக்கத்தில் என் ஐந்து வயது மகள் நின்றிருந்தாள். இன்னும் நெஞ்சு படபடக்கிறது. கண்ணாடியைச் சுற்றி ஒரு சிறு தடுப்பு வைத்துச் செய்தால் என்ன குறைந்துவிடும்?