மாலை சரியாக 5 மணிக்கு

அழைப்பிதழில் "மாலை சரியாக 5 மணிக்கு" என்று போட்டிருந்தது. அந்தச் 'சரியாக'வை நம்பி நாலே முக்காலுக்கே போய் உட்கார்ந்த மடையன் நான்தான். தருமபுரியில் நவம்பர் 7, அதாவது 1917 ருஷ்யப் புரட்சி நாள் கூட்டத்துக்கு எத்தனை வருஷமாகப் போகிறேன், புத்தி வரவில்லை.

ஐந்து மணிக்கு மேடையில் மைக் செட் பையன் மட்டும். "ஹலோ, செக், ஒன் டூ த்ரீ." மூன்றுக்கு மேல் அவன் எண்ணவே இல்லை. ஏழு மணிக்குத் தலைவர் வந்தார், கொடி ஏறியது. பனி வேறு, காது மடல் விறைத்துவிட்டது.

புரட்சி நடந்தபோது ருஷ்யாவில் பழைய காலண்டர், மற்ற நாடுகளைவிட 13 நாள் பின்னால். அதனால்தான் அவர்கள் கணக்கில் அக்டோபர் 25-ல் நடந்ததை நாம் நவம்பர் 7-ல் கொண்டாடுகிறோம். அவர்களே 1918-ல் காலண்டரை மாற்றிவிட்டார்கள். எங்கள் விழாக் குழுவுக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை போல.

சரி, தொடங்கியாயிற்று என்று நிமிர்ந்தால் வரவேற்புரை. முன்னிலை வகிப்பவர்கள் மட்டும் 22 பேர். எண்ணினேன், வேறென்ன வேலை? ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'அன்புக்கும் பாசத்துக்கும் உரிய'. ஒருவர் பெயர் விட்டுப்போனதாகக் கீழேயிருந்து துண்டுச்சீட்டு. மன்னிப்பு, மறுபடியும் அன்பு, மறுபடியும் பாசம்.

அப்புறம் சிவப்புத் துண்டு. இவர் அவருக்கு, அவர் இவருக்கு, இருவரும் சேர்ந்து மூன்றாமவருக்கு. "தோழர், கேமராவைப் பாருங்க." ஏழாவது ஆளுக்குப் போட்டபோதுதான் கவனித்தேன், ஓரத்தில் டீக்கறை. ஒன்பதாவது தோளிலும் அதே கறை. பதினொன்றாவது தோளிலும் அதேதான்! மேடைக்குப் பின்னால் ஒருவர் மடித்து மடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

புரட்சி அன்று ருஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில், தாக்குதலுக்குச் சைகையாக அரோரா போர்க்கப்பல் இரவு 9.40-க்கு வெற்றுவேட்டுப் போட்டது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் குளிர்கால அரண்மனைக்குள் பழைய அரசின் மந்திரிகள் கைது. இங்கே நான் உட்கார்ந்து நாலரை மணி நேரம் கழித்துத்தான் சிறப்புப் பேச்சாளர் மைக்கையே பிடித்தார். "நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக..." அந்தச் சுருக்கம் ருஷ்ய மன்னர் ஜார் பிறந்த கதையில் தொடங்கியது. பண்ணையார் நிலத்தை நஷ்டஈடே இல்லாமல் எடுத்துக்கொள்ளப் புரட்சிக்காரர்கள் மறுநாள் இரவே ஆணை போட்டார்களே, அதைப் பற்றி நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். அங்கே வருவதற்குள் மணி பத்து. மைக் செட் பையன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான்.

கிளம்பலாம் என்று எழுந்தால், "பின்வரிசையில் நம்ம மூத்த தோழர் ஒருத்தர் இருக்காரே!" மேடைக்குப் போனேன். சத்தியமாகத் திட்டத்தான் போனேன். தோளில் துண்டு விழுந்ததும் பல்லைக் காட்டிவிட்டேன். கறை என் தாடைக்குக் கீழே. போட்டோ எடுத்த கையோடு துண்டை உருவிக்கொண்டார்கள்.

வெளியே வந்தால் கடைசி பஸ் போய்விட்டது. பாப்பாரப்பட்டிக்கு ஆட்டோக்காரர் 600 ரூபாய் கேட்டார். அறுநூறு! அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், பேச்சு எங்கேயோ போய்விட்டது.