சாவி அண்ணனிடம் இருக்கிறது

ஏற்காடு போய்விட்டு வந்தவர்கள் ஏரி, பனி, காப்பித் தோட்டம் என்று பேசுவார்கள். நான் கழிப்பறையைப் பற்றிப் பேசப்போகிறேன். முகம் சுளிப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

நான் பிறந்தது செவ்வாய்ப்பேட்டை, வாக்கப்பட்டது சென்னை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு சேலத்தில் வீடு இல்லை. சொந்த ஊருக்கே விடுதி எடுத்துச் சுற்றுலா போகும் நிலைமை. மூன்று நாள், நான்கு வயது மகன், எட்டு மாத மகள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது, அரசுப் பஸ்ஸிலும் கிடையாது. விடுதியில் மட்டும் என் மகன் ‘கூடுதல் நபர்’. அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். சரி, கூடுதலாக ஒரு தலையணையாவது வந்ததா? வரவில்லை. போகட்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதற்குள் 1200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. 2 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள பிள்ளைகளைத்தான் பயணக் குமட்டல் அதிகம் படுத்தும். வண்டி சுழல்கிறது என்று காது சொல்கிறது. செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த வழக்கில் தண்டனை வயிற்றுக்கு. “போனைப் பிடுங்கிவிட்டு வெளியே பார்க்கச் சொல்லுங்கள்” என்று 3-ஆம் வளைவிலேயே சொன்னேன். “அழாமல் வருகிறானே, விடு” என்றார் வீட்டுக்காரர். 11-ஆம் வளைவில், காலையில் தின்ற இட்லி முழுவதும் அவருடைய சட்டையில். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்திதான், மறைப்பானேன்.

வாந்தி எடுத்த பிள்ளை தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். அரை பாட்டில் குடித்தான். தப்பு அங்கேதான் தொடங்கியது.

நான்கு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 180 மில்லிதான் கொள்ளும். வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் வரும், குழந்தை மருத்துவர்களின் கணக்கு. ஒரு டம்ளர், அவ்வளவே. போதாததற்கு மலைக் குளிர். குளிரில் சிறுநீர் இன்னும் வேகமாகச் சேரும். “அம்மா, மூச்சா” என்று அவன் சொல்லும் நொடியிலிருந்து நமக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு நிமிடம்.

எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. நுழைவுச்சீட்டு கொடுக்க ஆள் இருந்தார். வண்டி நிறுத்தியதற்குக் காசு வாங்க ஓடியே வந்தார் இன்னொருவர். கழிப்பறையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பச்சைக் கதவு, துருப்பிடித்த பூட்டு. பூட்டின் மேல் ஒரு நத்தை நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது திறக்கப்பட்டு எத்தனை நாளாகிறது என்று நத்தையைத்தான் கேட்க வேண்டும்.

“சாவி அண்ணனிடம் இருக்கிறது அக்கா.”

“அண்ணன் எங்கே?”

“சாப்பிடப் போயிருக்கிறார்.”

அப்போது மணி பத்தரை. என் மகன் கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டிருக்கிறான். “சின்னப் பையன்தானே, மரத்தடியில் விடுங்கள்” என்று வழியில் போன ஐந்து பேராவது அறிவுரை சொன்னார்கள். மரத்தடியில்தான் விட்டேன். வேறு என்ன செய்ய? ஆனால் எனக்கு யார் மரத்தடி காட்டுவார்கள்? மற்ற குடும்பங்களோடு வரும் மாமியாருக்கு, சர்க்கரை நோயுள்ள மாமனாருக்கு, கர்ப்பிணிக்கு? காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுற்றுவதற்குப் பெயர் சுற்றுலாவா, விரதமா?

மகளின் கதை தனி. டயப்பர் மாற்ற ஒரு மேசை, ஒரு திண்ணை, ஒரு பலகை? காரின் டிக்கியைத் திறந்து, பெட்டிகளுக்கு நடுவில் துண்டை விரித்து மாற்றினேன். வாந்திச் சட்டையோடு வீட்டுக்காரர் என் துப்பட்டாவைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுக்கு டயப்பரைப் போடக் குப்பைத்தொட்டி தேடியதில் கால் மணி நேரம் போனது. கடைசியில் பிளாஸ்டிக் பையில் முடிந்து, அதையும் எங்களோடு ஊர் சுற்றிக் காட்டினோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமே என்று 2015-லேயே தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தனி அறைகள் வைத்தார்கள். ஏரி பார்க்க வரும் தாய்க்குப் பால் சுரக்காது என்று நினைத்துவிட்டார்கள் போலும். நாங்கள் சுற்றிய ஓர் இடத்திலும் அப்படி ஓர் அறை என் கண்ணில் படவில்லை.

இத்தனைக்கும் பிறகு ‘லேடீஸ் சீட்’ என்ற காட்சிமுனையில் நின்று, “கீழே பார், அம்மா பிறந்த ஊர்” என்று மகனுக்குக் காட்டினேன். அவன் காலடியில் போன கட்டெறும்பைப் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். எறும்பு அசைகிறது, சேலம் அசையவில்லை.

இறங்கும்போது முன்யோசனையோடு நடந்துகொண்டோம். ஓர் உணவகத்தில் யாருக்கும் வேண்டாத காப்பியை வாங்கி, அதன் பெயரால் அங்கிருந்த கழிப்பறைக்கு நால்வரும் போய்விட்டு வந்தோம். செல்போன் பைக்குள் போனது. பலகைகளைப் பார்த்து எண்ணிக்கொண்டே இறங்கினான் பிள்ளை. இருபது, பத்தொன்பது, பதினெட்டு. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

பதினான்கில், “அம்மா, மூச்சா.”